கோட்டைக்கும் தறிக்கும் நடுவே

வங்கக்கரை ஊர்கள் – தொடர் – அத்தியாயம் 6

1612 ஜூன் மாதம். சாந்தோமிலிருந்து கிளம்பி வந்த போர்த்துகீசியர், பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு திறந்திருந்த பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். மயிலாப்பூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே அறுபது கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. ஒரே கடல், ஒரே துணி, ஒரே அரசரின் நாடு. அந்த அரசர் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடபதி தேவராயர். 1610இல் டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காட்டில் வணிக உரிமை தந்தவர் அவர்தான். தன் துறைமுகத்தில் இரு வெள்ளைக்காரக் கூட்டங்கள் அடித்துக்கொள்வதை அவரும் பார்க்க வேண்டியிருந்தது.

அடிபட்ட டச்சுக்காரர்கள் கோட்டை ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பழவேற்காட்டின் வருவாய் அப்போது அரசி ஓபாயம்மாவின் கையில் இருந்தது. கொப்பூரி ஜக்கராயரின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த அரசியின் பெயரில் கோட்டை வேலை தொடங்கியது. பணமும் ஆளும் போதாமல் வேலை இழுத்தபோது, வெமர் வான் பெர்கெம் என்ற டச்சு அதிகாரி அதைத் தன் பொறுப்பில் எடுத்து 1613இல் முடித்தார். தான் பிறந்த கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாகக் கோட்டைக்கு கெல்டிரியா என்று பெயர் வைத்தார். அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு, சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு நிர்வாகத்தின் தலைமையிடம் அந்தக் கோட்டைதான்.

வழிகாட்டிப் பலகைகளும் பள்ளிப் பாடங்களும் பழவேற்காட்டின் கதையை இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்திலேயே முடித்துவிடுகின்றன. டச்சுக்காரர் வந்தார், கோட்டை கட்டினார், ஊர் உண்டாயிற்று என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோட்டை காவல் காத்தது, உண்மை. ஆனால் காக்க வேண்டிய சரக்கை ஊர் ஊராகப் போய்த் திரட்டி, கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வேறு. அவர்களில் தலையாய இருவரைப் பற்றியது இந்த அத்தியாயம். ஒருவர் அச்சுதப்பச் செட்டி. மற்றவர் அவர் தம்பி சின்னண்ணச் செட்டி.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். இன்று திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில் கும்மிடிப்பூண்டி வட்டத்தின் சுண்ணாம்புக்குளம், பொன்னேரிப் பக்கம் அண்ணாமலைச்சேரி. கிழக்கே மணல்திட்டு, அதற்கப்பால் வங்கக்கடல். வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டி விரிகிறது ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரிக்கும் கடலுக்கும் வழிவிடும் முகத்துவாரத்தின் அருகே ஊர். ஆரணியாறு தெற்கே வந்து கலக்கிறது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு படகுகளில் போய் வரும். ஏரியின் அமைதியான நீர் சிறு கலங்களுக்குப் புகலிடம். பின்னால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக உள்நாட்டுக்குப் போக வண்டிப்பாதை.

டச்சுக்காரர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது புகழ்பெற்ற துறை. விஜயநகரப் பேரரசின் கிழக்குக் கடல் வாசல். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, இங்கே இந்துக்களும் இஸ்லாமியருமான வணிகர்கள் வாழ்ந்ததையும், பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்து இறங்கியதையும், இங்கிருந்து துணிகள் மலாக்காவுக்குப் போனதையும் குறித்து வைத்திருக்கிறார். விஜயநகர ஆவணங்களில் ஆனந்தராயன் பட்டினம் என்றும், தெலுங்கு வழக்கில் பிரளயகாவேரி என்றும் இந்த ஊர் வழங்கியது. போர்த்துகீசியரும் இங்கே குடியேறி மாதா கோயில் கட்டினார்கள். அரபு வணிகர்களின் வழிவந்ததாகச் சொல்லும் இஸ்லாமியக் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. ஆகவே வான் பெர்கெம் செங்கல் அடுக்கத் தொடங்கியபோது அவர் நின்றது வெற்று மணலில் அல்ல.

டச்சுக்காரருக்கு இந்த ஊர் ஏன் தேவைப்பட்டது? அவர்கள் கண் இந்தியாவின் மேலேயே இல்லை. கிராம்பும் சாதிக்காயும் விளையும் கிழக்கிந்தியத் தீவுகளின் மேல் இருந்தது. அந்தத் தீவுகளின் மக்கள் ஐரோப்பாவின் கம்பளியையோ இரும்பையோ கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் உடுத்திப் பழகிய சோழமண்டலத் துணியைக் கேட்டார்கள். சிவப்புச் சாயமிட்டது, கட்டம் போட்டது, பூ எழுதியது என்று ஒவ்வொரு தீவுக்கும் ஒரு விருப்பம். அந்தத் துணி கையில் இருந்தால் மசாலா கிடைக்கும். இல்லாவிட்டால் வெள்ளிக்காசைக் கொட்ட வேண்டும். சோழமண்டலக் கரை இல்லாமல் மசாலாத் தீவுகளில் வணிகம் நடத்த முடியாது என்பதை டச்சு அதிகாரிகள் 1612லேயே தங்கள் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள்.

சரி, துணி எங்கே இருக்கிறது? கடைத்தெருவில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. அது இன்னும் நெய்யப்படவே இல்லை. இங்கேதான் கோட்டையால் ஆகாத வேலை தொடங்குகிறது.

கிழக்கில் டச்சுக்காரரின் தலைநகரான பத்தேவியாவிலிருந்து ஒரு கப்பல் வரும்போது எந்தெந்தத் துணி எத்தனை வேண்டும் என்ற பட்டியலும், கூடவே மாதிரித் துண்டுகளும் வரும். நீளம், அகலம், இழை நெருக்கம், சாயத்தின் அழுத்தம் எல்லாம் மாதிரிப்படி இருக்க வேண்டும். நெசவாளிகளோ கரையில் இல்லை. உள்நாட்டில் பல நாள் நடைத் தூரத்தில், நூறு சிற்றூர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். பருத்தி ஓரிடம், நூற்பவர்கள் ஓரிடம், பாவு போடுவது ஓரிடம். சிவப்புக்கு வேண்டிய சாயவேர் கடலோர மணலில் தோண்டி எடுக்கப்படுவது. இம்பூறல் என்று மருத்துவர்கள் சொல்வார்களே, அதே செடியின் வேர். வெளுப்பவர்களுக்கு நல்ல நீர் வேண்டும். இத்தனை கைகளையும் கோத்து, ஐப்பசிக் காற்று கரையை மூடுவதற்கு முன் மூட்டைகளைப் படகில் ஏற்ற வேண்டும். வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டால் திறந்த கடலில் கப்பல் நிற்காது. ஓர் ஆண்டு போச்சு.

நெசவாளிக்கு முன்பணம் தராமல் தறி ஓடாது. நூல் வாங்க வேண்டும், துணி முடியும் வரை அவர் குடும்பம் சாப்பிட வேண்டும். மழை பொய்த்து நெல் விலை ஏறினால் முன்பணம் முழுவதும் அரிசிக்கே போய்விடும், துணி வராது. படைகள் வந்து போகும் பாதையில் ஊர் இருந்தால் நெசவாளி தறியைத் தூக்கிக்கொண்டு வேறு நாயக்கர் எல்லைக்குப் போய்விடுவார். கொடுத்த பணம் அவரோடு போய்விடும். வந்த துணி மாதிரிக்குக் கீழே இருந்தால் டச்சுக்காரர் தள்ளிவிடுவார்கள் அல்லது விலையைக் குறைப்பார்கள். இந்த இடர் அனைத்தையும் ஒருவர் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எந்த ஊரில் எந்த நெசவாளி நம்பகமானவர் என்பதை அறிந்தவராக, வழியில் சுங்கம் கேட்கும் ஒவ்வொரு நாயக்கருக்கும் தெரிந்தவராக, தன் பெயரைச் சொல்லிப் பணம் புரட்டக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். வெமர் வான் பெர்கெமுக்கு இதில் ஒன்றும் முடியாது. தமிழும் தெலுங்கும் தெரியாத, இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிற எந்த டச்சு அதிகாரிக்கும் முடியாது.

அச்சுதப்பச் செட்டிக்கு முடிந்தது.

தெலுங்கு பேசும் பலிஜ வணிகக் குடியில் வந்தவர் அவர். டச்சு ஆவணங்களில் தொடக்க ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளராகத் தலைகாட்டுகிறார். பிறகு தரகர். பிறகு முதன்மை வணிகர். டச்சுக்காரர் அவரை மலையா என்று எழுதினார்கள். அவருக்குப் பின் தம்பியையும் அதே பெயரால் எழுதினார்கள். ஆங்கிலேயர் மொல்லே என்றார்கள். இதனால் அண்ணன் செய்தது எது, தம்பி செய்தது எது என்று பிரித்தறிவதற்கே பிற்கால ஆய்வாளர்கள் நிறைய உழைக்க வேண்டியிருந்தது. 1634இல் அச்சுதப்பர் இறந்தார். அதற்குப் பின் வரும் மலையா தம்பி சின்னண்ணர் என்று கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர் வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அரசவையில் டச்சுக்காரரின் விண்ணப்பத்தைச் சொல்பவரும் அவர்தான், அரசரின் விடையைத் திருப்பிச் சொல்பவரும் அவர்தான். யாருக்கு என்ன காணிக்கை, எந்தச் சொல்லை மென்மையாக்க வேண்டும், எந்தக் கோரிக்கையை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கணிப்பு. அரசரும் நாயக்கர்களும் அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்தார்கள். டச்சுக்காரரும் தங்கள் ஆளாகவே பார்த்தார்கள். அச்சுதப்பர் அந்த இரட்டை நம்பிக்கையை முதலாக வைத்துத் தொழில் செய்தார். டச்சுக்காரருக்குத் துணி சேர்த்துக் கொடுத்ததோடு நிற்காமல், சொந்தக் கப்பல்களைப் பர்மாவுக்கும் மலாய்க் கரைக்கும் அனுப்பினார். கரையோர ஊர்களில் வரிவசூல் குத்தகை எடுத்தார். குத்தகை எடுத்த ஊரில் நெசவாளியும் அவருக்குக் கட்டுப்பட்டவர், சுங்கச்சாவடியும் அவர் கையில். வணிகமும் ஆட்சியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் முறை இது. இதைக் கண்டுபிடித்தவர் அச்சுதப்பர் அல்லர். ஆனால் ஐரோப்பிய வணிகத்தோடு அதைப் பிணைத்து இந்த அளவுக்குக் கொண்டுபோனவர் இந்தக் கரையில் அவருக்கு முன் எவரும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

வேங்கடபதி தேவராயர் 1614இல் இறந்ததும் அரியணைக்காக உள்நாட்டுப் போர் மூண்டது. ஓபாயம்மாவின் ஜக்கராயர் ஒரு பக்கம், வெலுகோட்டி யாசம நாயக்கர் மறுபக்கம். தோப்பூர்ப் போர் வரை நீண்ட அந்தக் கதை தனி. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: நாடே கலங்கிக் கிடந்த அந்த ஆண்டுகளிலும் பழவேற்காட்டிலிருந்து துணி மூட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. அதற்குக் கோட்டையின் பீரங்கிகள் பாதிக் காரணம். யார் ஜெயித்தாலும் போய்ப் பேசக்கூடிய ஒரு செட்டியார் இருந்தது மீதிக் காரணம்.

தம்பி சின்னண்ணர் அண்ணனைவிடத் துணிந்தவர். அவர் காலத்தில் இந்தக் குடும்பம் வணிக எல்லையைத் தாண்டி அரசியல் களத்துக்குள் முழுதாக இறங்கியது. செஞ்சி நாயக்கரின் கரையோரப் பகுதிகளிலும் அவருக்குச் செல்வாக்கு. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் பின்னாளில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையாக வளர்ந்த இடத்தில், முதலில் இருந்த சிறு கோட்டை சின்னையச் செட்டி என்ற வணிகர் கட்டியது என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அது இவராகவே இருக்கலாம்.

1642இல் மூன்றாம் ஸ்ரீரங்கர் அரியணை ஏறினார். விஜயநகரத்தின் கடைசி அரசர் என்று சொல்லத்தக்கவர். வடக்கே கோல்கொண்டா படை நெருங்கிக்கொண்டிருந்தது, உள்ளே நாயக்கர்கள் அடங்க மறுத்தார்கள், கருவூலம் காலி. பணமும் ஆளும் தரக்கூடிய வணிகரைத் தேடிப் போவது தவிர அரசருக்கு வழி இல்லை. சென்னைப்பட்டினத்தை ஆங்கிலேயருக்கு வழங்கிய தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் 1643 முடிவில் அரசரின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டபோது, நாட்டின் பெரும்பகுதி நிர்வாகம் மலையாவின் கைக்குப் போயிற்று. மதராசில் புதிதாகக் கோட்டை கட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு இது பேரிடியாக இருந்தது. தங்களுக்கு இடம் தந்தவர் சிறையில். அவர் இடத்தில் எதிரியான டச்சுக்காரரின் வணிகர். அந்த மாதங்களில் அவர்கள் எழுதிய கடிதங்களில் இந்தக் கலக்கம் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் அந்த உச்சம் நெடுநாள் நிற்கவில்லை. 1646இல் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா தெற்கே இறங்கியபோது, உதயகிரிக் கோட்டையை மலையா அவரிடம் ஒப்படைத்துவிட்டார். மீர் ஜும்லாவும் வைர வணிகராக இருந்து படைத்தலைவரானவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. துரோகம் என்று எழுதியவர்கள் உண்டு. அரசருக்கு அது துரோகம்தான். எனினும் அந்த ஒப்படைப்பைச் சின்னண்ணரின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். தோற்றுக்கொண்டிருந்த அரசருக்காகத் தன் படையை அழித்துக்கொள்ளும் கடமை தனக்கு உண்டு என்று அவர் எண்ணவில்லை. ஊரும் நெசவும் புதிய ஆட்சிக்குள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. டச்சுக்காரரின் பழைய உரிமைகளும் மீர் ஜும்லாவின் ஆட்சியில் தொடர்ந்தன. அரசரோ நாடிழந்து அலைந்தார். இதில் எந்தத் தட்டு கனமானது என்று முடிவு செய்வதை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன்.

இப்போது சென்னைக்கு வருவோம். பழவேற்காடு இல்லாமல் சென்னை இல்லை. இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது இதுதான். 1619இல் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, 1621 முதல் ஆங்கிலேயரும் பழவேற்காட்டிலேயே ஒரு பண்டகசாலை நடத்தினார்கள். கோட்டைக் காவல் செலவில் பங்கு கேட்டார்கள் டச்சுக்காரர்கள். நல்ல துணியையும் தங்களுக்கே ஒதுக்கிக்கொண்டார்கள். 1623இல் ஆங்கிலேயர் மூட்டை கட்டினார்கள். 1626இல் ஏரியின் வடபுறம் துர்கராயப்பட்டினத்தில் கடை விரித்தார்கள். ஆறுமுக முதலியார் என்பவர் துணைநின்றதால் அந்த இடத்துக்கு ஆர்மகான் என்ற பெயர் என்பது வழிவழிச் செய்தி. அங்கேயும் நல்ல துணி போதிய அளவு கிடைக்கவில்லை. அங்கே தலைவராக இருந்த பிரான்சிஸ் டேதான் 1639இல் தெற்கே வந்து, வேங்கடாத்திரி உள்ளிட்ட தாமர்ல சகோதரர்களிடம் சென்னைப்பட்டின உரிமையைப் பெற்றார். 1640 பிப்ரவரியில் ஆர்மகானைக் காலி செய்துகொண்டு இங்கே வந்து இறங்கினார்கள்.

தாமர்ல சகோதரர்கள் ஏன் அழைத்தார்கள்? அவர்களில் ஒருவரான அங்கபூபாலர் எழுதிய உஷாபரிணயம் என்ற தெலுங்குக் காவியத்தில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரளயகாவேரிக்கும் மயிலைக்கும் இடையே ஓயாமல் நடந்த சண்டையை நிறுத்தவே நடுவில் தம் தந்தை சென்னப்பரின் பெயரால் ஓர் ஊரை உண்டாக்கினார்கள் என்கிறது அது. பிரளயகாவேரி பழவேற்காட்டு டச்சுக்காரர். மயிலை சாந்தோம் போர்த்துகீசியர். 1612இல் எரிந்த பண்டகசாலையின் புகை 1639 வரை அடங்கவில்லை என்றுதானே பொருள்? தந்தையின் பெயரை நிலைநிறுத்தும் ஆசையும், டச்சுக்காரரால் பழவேற்காடு செழித்ததைப் பார்த்து நமக்கும் அப்படி ஒரு துறை வேண்டும் என்ற ஆசையும் அந்தச் சகோதரர்களுக்கு இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆங்கிலேயர் கோட்டையோடு சேர்த்து ஒரு முறையையும் பழவேற்காட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். முதன்மை வணிகர் ஒருவரை வைத்து, அவர் மூலம் முன்பணம் கொடுத்து, அவர் மூலமே அரசருடன் பேசும் முறை. மதராசில் பேரி திம்மண்ணர், பின்னர் சேஷாத்திரி, கோனேரி, அவர்களுக்குப் பின் 1680 வரை வாழ்ந்த காசி வீரண்ணர் என்று வரும் வரிசை, அச்சுதப்பர் நடந்து காட்டிய தடத்தில் வந்தது. நெசவாளிகளைக் கோட்டைக்கு அருகிலேயே குடியமர்த்தியதும், வரிச்சலுகை தந்ததும் மதராசில் ஆங்கிலேயர் கூடுதலாகச் செய்தவை. அந்தக் கூடுதல் பின்னாளில் பழவேற்காட்டைப் பின்னுக்குத் தள்ளியது.

இந்தச் செழிப்பின் மறுபக்கத்தைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுதினால் அது பொய்யாகிவிடும். பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் ஏற்றப்படவில்லை. மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 1619இல் டச்சுக்காரர் பத்தேவியாவைத் தலைநகராக்கினார்கள். 1621இல் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் விரட்டியும் தீவுகளை வெறுமையாக்கிவிட்டு, சாதிக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். இந்தக் கரையில் பஞ்சம் வந்த போதெல்லாம் அந்தத் தேடல் இங்கே வந்து நின்றது. 1640களின் நடுவிலும் 1660ஐ ஒட்டியும் வந்த பஞ்சங்களில், ஒரு வேளைச் சோற்றுக்குத் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்கள் உண்டு. உள்ளூர்த் தரகர்கள் பிடித்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. பல ஆயிரம் பேர் இந்த முகத்துவாரத்தைத் தாண்டி அடிமைகளாகப் போனார்கள்; பலர் கடலிலேயே இறந்தார்கள். வணிகத்தையும் வரிக் குத்தகையையும் கையில் வைத்திருந்த பெரிய குடும்பங்கள் இதையெல்லாம் அறியாமல் இருந்திருக்க முடியாது. இந்த ஊரை ஆக்கியவர்கள் என்று இரு சகோதரர்களைப் போற்றும்போது, அதே ஊரின் படகுத்துறையில் விலங்கோடு நின்றவர்களையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். அவர்களில் பெரும்பாலோரின் பெயரைக்கூட நம்மால் சொல்ல முடியாதபடி காலம் அழித்துவிட்டது என்பதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

கோட்டைக்குள் வெடிமருந்து ஆலை இருந்தது. பத்தேவியாவுக்கும் போர்க்களங்களுக்கும் மருந்து இங்கிருந்து போயிற்று. நாணயச் சாலையும் இருந்தது. ஆனால் அந்தக் கோட்டையில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1632 முதல் 1642 வரை ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் அங்கே பணிபுரிந்தார். பத்மநாபன் என்ற பிராமணர் அவருக்கு நண்பரானார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த போர்த்துகீசிய மொழியில் பேசிப் பேசி, வேத சாத்திரம், சாதி, சடங்கு, திருவிழா எல்லாவற்றையும் பாதிரியார் கேட்டு எழுதினார். ரோஜேரியஸ் இறந்த பிறகு 1651இல் லைடன் நகரில் அந்த நூல் வெளியானது. பர்த்ருஹரியின் சதகங்கள் ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு முதன்முதலாகப் போய்ச் சேர்ந்தது அந்த நூல் வழியாகத்தான். இந்து சமயத்தை ஏளனம் செய்யாமல் கேட்டறிந்து எழுதிய முதல் ஐரோப்பிய நூல்களில் அது ஒன்று. அதற்கு விதை விழுந்தது பொன்னேரிக்குக் கிழக்கே, இந்த உப்புக்காற்றில்.

சின்னண்ணர் 1659இல் மறைந்தார். ஒரே குடும்பத்தைச் சார்ந்திருப்பது ஆபத்து என்று டச்சுக்காரர் அதற்கு முன்பே எண்ணத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் பல வணிகர்களைச் சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு முதல் என்று பங்கு போட வைத்துக் கூட்டுக் குழுமங்களாக அமைத்தார்கள். காசி வீரண்ணர் இறந்ததும் மதராசில் ஆங்கிலேயரும் அதையே செய்தார்கள். தனி மனிதரின் கையிலிருந்த பேரம் அதோடு போயிற்று. குழுவாக வந்தவர்களிடம் விலையைக் குறைப்பது ஐரோப்பியருக்கு எளிதாக இருந்தது. நாளடைவில் வணிகர் கம்பெனியின் ஊழியராக ஆனார்.

பழவேற்காடும் தேய்ந்தது. நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் கைப்பற்றிய டச்சுக்காரர், 1690இல் தலைமையிடத்தையே அங்கே மாற்றிக்கொண்டார்கள். 1781இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் பிடித்தார்கள். திரும்பக் கிடைத்த பழவேற்காடு சில ஆண்டுகள் மீண்டும் தலைமையிடமாக இருந்தது. 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1806இல் கோட்டையை இடித்தார்கள். 1818இல் திருப்பித் தந்தார்கள். 1825இல் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் கடல் வணிகம் முழுவதும் மதராசுக்குப் போய்விட்டிருந்தது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருந்தது.

இன்று போனால் என்ன பார்க்கலாம்? கோட்டை இருந்த மேட்டில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது; அகழியின் தடம் தெரிகிறது. அருகே கோட்டைக்குப்பம் என்று ஊர்ப் பெயர் மட்டும் நிற்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே நேர்த்தியான எழுத்து பொறித்த கற்கள். பதினேழாம் நூற்றாண்டு டச்சு அதிகாரிகளின் பெயரையும் வயதையும் இன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது. அச்சுதப்பருக்கும் சின்னண்ணருக்கும் ஒரு கல் இல்லை, ஒரு தெரு இல்லை. நெசவாளிகளுக்கும் இல்லை. ஆனால் அவர்கள் நெய்த துணியின் பெயர் மட்டும் கடல் தாண்டிப் பிழைத்துக்கொண்டது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியைப் பெலிக்கட் என்றே இன்றும் கேட்டு வாங்குகிறார்கள்.

திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் பலகை வைத்திருக்கிறீர்கள், நல்லது. பக்கத்திலேயே இன்னொரு பலகையில் இந்த இரு சகோதரர்களைப் பற்றியும், நெசவூர்களைப் பற்றியும், அடிமைகளாக ஏற்றப்பட்டவர்களைப் பற்றியும் தமிழில் எழுதி வையுங்கள். இந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து எலும்புக்கூட்டைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தங்கள் ஊரில் கடலையும் அரசவையையும் ஒரே கையில் பிடித்திருந்த வணிகர்கள் வாழ்ந்தார்கள் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

இன்னொரு காரணத்துக்காகவும் இது முக்கியம். ஏரிக்கு மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகள் எழுந்துவிட்டன. தெற்கே எண்ணூரில் 2001 முதல் காமராசர் துறைமுகம் இயங்குகிறது. அதை ஒட்டிக் காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். காட்டுப்பள்ளியைப் பெரிதாக விரிவாக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்தார்கள். முகத்துவாரம் பாதிக்கப்படும், மணல்திட்டு கரையும், ஏரி செத்துவிடும் என்பது அவர்கள் அச்சம். ஏரியில் எந்த நாளில் எந்த ஊர் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைத் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை அவர்களுடையது. நீரோட்டத்தை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் இல்லை. அன்றைய டச்சுக்காரரால் அச்சுதப்பர் போன்றவர்களின் துணை இல்லாமல் துணி சேர்க்க முடியவில்லை. இன்றைய திட்டக்காரர்கள் ஏரிக்காரர்களைக் கேட்காமல் வரைபடம் போடுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கோட்டை இடிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், மதராசிலிருந்து எண்ணூர் வழியாகப் பழவேற்காடு ஏரியை நோக்கி ஒரு கால்வாய் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்ட முன்வந்தவர் பேசில் காக்ரேன் என்ற தனியார் ஒப்பந்தக்காரர். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் ஓடத் தொடங்கின. 1876–78 பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாக அது நீண்டு, பக்கிங்காம் கால்வாய் என்ற பெயர் பெற்றது எப்படி என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)